ஊழியர் டைரக்டரி செல்ஃப் சர்வீஸ்: நிறுவும் முறையும் சோதிக்கும் முறையும்

ஊழியர்கள் தங்கள் தொலைபேசி எண், அலுவலக இடம், புகைப்படம் போன்றவற்றைத் தாங்களே திருத்திக்கொள்ள உதவும் மென்பொருளை நிறுவ அரை மணி நேரம் போதும். அதை எல்லோருக்கும் தைரியமாகத் திறந்துவிடும் நிலைக்குக் கொண்டுவரத்தான் வாரக்கணக்கில் ஆகும். லாகின், இமெயில், குழு அனுமதி எல்லாம் நம்பியிருக்கும் ஆக்டிவ் டைரக்டரிக்குள்ளேயே (மைக்ரோசாஃப்டின் பயனர் விவரத் தொகுப்பு) அது எழுதப்போகிறது. ஆகவே எந்தப் புலத்தை (விவரக் கட்டத்தை) யார் மாற்றலாம் என்பதை முதலில் எழுதி முடித்துவிட்டு, அப்புறம் செட்டப் ஃபைலைத் தொடுங்கள். இங்கே சொல்பவை விண்டோஸ் சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி ஓடும் நெட்வொர்க்குக்கானவை. தயாரிப்பு எதுவானாலும் பெரும்பகுதி பொருந்தும்.

புலங்களின் அட்டவணை

மேசைத் தொலைபேசி, மொபைல், அலுவலக இடம், பதவி, துறை, மேலாளர், புகைப்படம் என்று திறக்க நினைக்கும் புலங்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பதில் வேண்டும். அந்தத் தகவலுக்குப் பொறுப்பு யார்? மாற்றம் உடனே ஏறலாமா, ஒப்புதல் வேண்டுமா? வேறு எந்த சிஸ்டம் அந்தப் புலத்தைப் படிக்கிறது?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. துறையின் பெயரைப் பார்த்து ஆட்களைச் சேர்க்கும் டைனமிக் குழு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். தன் துறையை நிதி என்று மாற்றிக்கொள்ளும் ஊழியர், யாரும் அனுமதி தராமலேயே நிதித் துறையின் ஃபோல்டர்களுக்குள் போய்விடுவார். மொபைல் எண்ணும் அப்படித்தான். பாஸ்வேர்டு ரீசெட்டுக்கான ஓடிபி அந்த எண்ணுக்குப் போகிறதென்றால், பூட்டாமல் விட்ட கம்ப்யூட்டரில் ஒரு நிமிடம் உட்கார்ந்தவர் அந்த அக்கவுண்டையே கைப்பற்றிவிடலாம். இப்படிப்பட்ட புலங்களைச் சுயதிருத்தத்தில் வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டுமென்றால், சேமிக்கும் முன் பாஸ்வேர்டை மறுபடி கேட்கட்டும். பழைய எண்ணுக்கும் தகவல் போகட்டும்.

மனிதவள மென்பொருளிலிருந்து தினமும் இரவில் தகவல் இறங்குகிறதா என்றும் பாருங்கள். அது எழுதும் புலத்தை ஊழியருக்குத் திறந்தால், இன்று மாற்றியது நாளை காலை பழையபடியே இருக்கும். ஒரு புலத்துக்கு ஒரே சொந்தக்காரர்தான் இருக்க முடியும்.

அட்டவணை முடிந்ததும் தற்போதைய மதிப்புகள் அனைத்தையும் ஏற்றுமதி செய்து பத்திரப்படுத்துங்கள். ஆக்டிவ் டைரக்டரியின் ரீசைக்கிள் பின் அழிந்துபோன அக்கவுண்டைத்தான் மீட்கும். அக்கவுண்டில் மாறிப்போன தொலைபேசி எண்ணை மீட்காது. அதற்கு இந்த ஃபைல் ஒன்றுதான் துணை. சிஎஸ்வியாக எடுத்தால் அதை எக்ஸெலில் திறந்து சேமிக்கக் கூடாது. முன்னால் இருக்கும் பூஜ்யமும் கூட்டல் குறியும் போய்விடும், நீண்ட எண்கள் அறிவியல் குறியீட்டுக்கு மாறிவிடும். அந்த ஃபைலை வைத்து மீட்டால் கெட்டது இன்னும் கெடும். டைரக்டரித் தகவலை எழுத்தாகச் சேமிக்கும் எல்டிஐஎஃப் வடிவில் ஒரு நகலும் எடுத்து வைப்பது நல்லது.

சர்வர், போர்ட், சான்றிதழ்

மென்பொருளை டொமைன் கன்ட்ரோலரில் (டிசி, அதாவது ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்) நிறுவவே வேண்டாம். இணையப் பக்கம் வழியாக யாரும் தொடக்கூடிய ஒரு நிரலை டொமைனின் உயிர்நாடியோடு ஒரே சர்வரில் வைப்பதை எந்த வசதியும் நியாயப்படுத்தாது. டொமைனில் சேர்ந்த தனி மெய்நிகர் சர்வர் ஒன்று எடுங்கள். சில ஆயிரம் ஊழியர்களுக்கு 2 கோர், 8 ஜிபி ரேம் தாராளம்.

அந்த சர்வரிலிருந்து டிசிக்கு இந்த மென்பொருளுக்கென்று திறக்கவேண்டிய போர்ட்கள்: எல்டாப்எஸ் (டைரக்டரியோடு பேசும் எல்டாப் நெறிமுறையின் மறையாக்க வடிவம்) 636, கெர்பரோஸ் (டிக்கெட் மூலம் லாகின் செய்யும் முறை) 88, டிஎன்எஸ் 53. பல டொமைன்கள் சேர்ந்த தொகுதி (ஃபாரஸ்ட்) என்றால், எல்லா டொமைன்களிலும் தேட உதவும் குளோபல் கேட்டலாகுக்கு 3269. பாஸ்வேர்டு மாற்றமும் இந்த மென்பொருள் வழியே நடக்கும் என்றால் 464. ஒப்புதல் மெயிலுக்கு உங்கள் மெயில் ரிலே கேட்கும் போர்ட். ஊழியர்கள் பக்கமிருந்து 443 மட்டும் போதும். 389 வழியே மறையாக்கம் இல்லாமல் இணைவது வேலை செய்தாலும் விட்டுவிடுங்கள்; மென்பொருள் டைரக்டரிக்குள் நுழையப் பயன்படுத்தும் சர்வீஸ் அக்கவுண்டின் பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் வெறும் எழுத்தாகப் போகும் வாய்ப்பு உண்டு.

636 இணைப்பு தோற்றால் பெரும்பாலும் காரணம் சான்றிதழ்தான். டிசியிடம் சர்வர் அங்கீகாரத்துக்கான சான்றிதழ் இருக்கவேண்டும். அதில் டிசியின் முழு டிஎன்எஸ் பெயர் இருக்கவேண்டும். அமைப்புப் பக்கத்தில் ஐபி முகவரியைக் கொடுத்தால் பெயர் பொருந்தாமல் இணைப்பு முறியும். ஜாவாவில் ஓடும் தயாரிப்பாக இருந்தால் இன்னொரு படி உண்டு: விண்டோஸ் நம்பும் ரூட் சான்றிதழை ஜாவா தானாக நம்பாது, அதன் கீஸ்டோரில் (சான்றிதழ் சேமிப்பகத்தில்) தனியே ஏற்றவேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அதோடு வரும் ஜாவாவும் மாறினால் ஏற்றிய சான்றிதழ் காணாமல் போகலாம். அப்டேட்டுக்கு மறுநாள் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இணையப் பக்கத்துக்கான சான்றிதழில், ஊழியர்கள் தட்டச்சு செய்யும் பெயர் மாற்றுப்பெயர்ப் பகுதியில் (எஸ்ஏஎன்) இருக்கவேண்டும். குரோம் 2017இலிருந்து பொதுப்பெயர்ப் பகுதியை (சிஎன்) பார்ப்பதே இல்லை.

சர்வீஸ் அக்கவுண்டும் அனுமதியும்

அவசரத்தில் சர்வீஸ் அக்கவுண்டை டொமைன் அட்மின் குழுவில் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இந்த நிறுவலில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அந்த வெப் சர்வரில் ஒரு ஓட்டை விழுந்தால் மொத்த டொமைனும் போகும். சாதாரண பயனர் அக்கவுண்டே போதும். தேவையான ஓயூவில் (அக்கவுண்ட்களைப் பிரித்து வைக்கும் டைரக்டரிப் பகுதி), தேவையான புலங்களுக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள்.

1. ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் கன்சோலில் ஊழியர்கள் இருக்கும் ஓயூவை ரைட் கிளிக் செய்து டெலிகேட் கன்ட்ரோலைத் தேர்ந்தெடுங்கள்.
2. சர்வீஸ் அக்கவுண்டைச் சேர்த்து, கஸ்டம் டாஸ்க் உருவாக்கச் சொல்லுங்கள்.
3. பொருள் வகையில் யூசர் ஆப்ஜெக்ட்களை மட்டும் குறியிடுங்கள்.
4. புலவாரி அனுமதியைத் திறந்து, அட்டவணையில் உள்ள புலங்களுக்கு மட்டும் ரைட் உரிமையை டிக் செய்யுங்கள்.

நான்காவது படியில் சில புலங்கள் பட்டியலிலேயே தென்படாது. கன்சோல் ஓடும் கம்ப்யூட்டரின் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும் டிஎஸ்செக்.டேட் என்ற ஃபைல் அவற்றை மறைக்கிறது. அதில் யூசர் பகுதியின் கீழ் அந்தப் புலத்துக்கு எதிரே 7 இருந்தால் 0 ஆக்கி, கன்சோலை மூடித் திறங்கள்.

மென்பொருள் விண்டோஸ் சர்வீஸாகவோ ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) ஆப் பூலாகவோ ஓடுமானால், குழு மேலாண்மை சர்வீஸ் அக்கவுண்ட் (ஜிஎம்எஸ்ஏ) வகையைப் பயன்படுத்துங்கள். அதன் பாஸ்வேர்டை டொமைனே 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். அமைப்புப் பக்கத்தில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தட்டச்சு செய்யச் சொல்லும் தயாரிப்பில் இது நடக்காது. அங்கே நீளமான பாஸ்வேர்டு வைத்து, நேரடி லாகினைக் குரூப் பாலிசியில் மறுத்துவிடுங்கள்.

இயல்பான அனுமதிகள் பற்றி ஒன்று தெரிந்திருக்கவேண்டும். ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொரு பயனருக்கும் தன் தனிப்பட்ட தகவல் தொகுப்பில் எழுதும் உரிமை செல்ஃப் என்ற பெயரில் ஏற்கெனவே உண்டு. மேசைத் தொலைபேசி, மொபைல், முகவரி, அலுவலக இடம், புகைப்படம் எல்லாம் அந்தத் தொகுப்பில் அடங்கும். பதவி, துறை, மேலாளர் அடங்காது. அதாவது உங்கள் மென்பொருளில் மொபைல் புலத்தைப் பூட்டினாலும், பவர்ஷெல் தெரிந்த ஊழியர் தன் எண்ணை நேரடியாக மாற்றிவிடலாம். ஓயூ மட்டத்தில் மறுப்பு விதி போட்டும் தடுக்க முடியாது. செல்ஃப் உரிமை ஒவ்வொரு அக்கவுண்டிலும் நேரடியாக எழுதப்பட்டிருப்பதால், மேலிருந்து இறங்கும் மறுப்பை அது வென்றுவிடும். உண்மையாகவே பூட்டவேண்டிய புலம் என்றால், அக்கவுண்ட்களிலிருந்தே அந்த உரிமையை ஸ்கிரிப்ட் மூலம் நீக்கவேண்டும். புதிய அக்கவுண்ட்களுக்கும் அதே ஸ்கிரிப்ட் ஓடவேண்டும்.

அட்மின் அக்கவுண்ட்களில் இன்னொரு சிக்கல் வரும். மற்ற எல்லோருக்கும் திருத்தம் ஏறும், சிலருக்கு மட்டும் அனுமதி போதாது என்று எல்டாப் பிழை 50 வரும். டொமைன் அட்மின்ஸ், அக்கவுண்ட் ஆபரேட்டர்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட குழுக்களில் இருப்பவர்களின் அனுமதிகளை, பிடிசி எமுலேட்டர் பொறுப்பில் உள்ள டிசி 60 நிமிடத்துக்கு ஒருமுறை அட்மின்எஸ்டிஹோல்டர் வார்ப்புருவின்படி திருத்தி எழுதும். ஓயூவில் நீங்கள் கொடுத்த உரிமை அவர்களிடம் இறங்காது. கையால் கொடுத்தாலும் ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். குழுவிலிருந்து விலகியவர்களிடமும் அட்மின்கவுன்ட் புலத்தின் மதிப்பு 1 ஆகவே நின்று, மேலிருந்து இறங்கும் அனுமதி அடைபட்டே இருக்கும். இப்போதும் அட்மினாக இருப்பவர்களை இந்த மென்பொருளின் எல்லைக்கு வெளியே விட்டுவிடுவதே சரி. விலகியவர்களுக்கு மட்டும் அந்த மதிப்பை அழித்து, இன்ஹெரிட்டன்ஸைத் திரும்ப இயக்குங்கள். வார்ப்புருவிலேயே உரிமையைச் சேர்க்கச் சொல்லும் யோசனைகளை ஏற்காதீர்கள்.

பாஸ்வேர்டு கேட்காத லாகின்

விண்டோஸ் அங்கீகாரத்தை இயக்கினால் ஊழியர்கள் பக்கத்தைத் திறந்ததும் உள்ளே போய்விடலாம். ஐஐஎஸ்ஸில் அந்தப் பகுதி இயல்பாக நிறுவப்பட்டிருக்காது, சேர்க்கவேண்டும். பிறகு எஸ்பிஎன், அதாவது ஒரு சேவையை அதை ஓட்டும் அக்கவுண்டோடு இணைக்கும் பெயர். சர்வரின் சொந்தப் பெயரைத் தவிர்த்து வேறு பெயரில் தளம் நடத்தினால், அந்தப் பெயருக்கான எச்டிடிபி எஸ்பிஎன்னை ஆப் பூல் ஓடும் அக்கவுண்டில் பதிவு செய்யுங்கள். டிஎன்எஸ்ஸில் சிநேம் (வேறொரு பெயரைச் சுட்டும் பதிவு) வேண்டாம், ஏ ரெக்கார்டு (ஐபி முகவரியையே சுட்டும் பதிவு) வையுங்கள். சில பிரவுசர்கள் சிநேமைப் பின்தொடர்ந்துபோய் வேறு பெயருக்கு டிக்கெட் கேட்கும்.

பாஸ்வேர்டு பெட்டி திரும்பத் திரும்ப வந்தால் மூன்று இடம் பாருங்கள். ஒரே எஸ்பிஎன் இரண்டு அக்கவுண்டில் இருக்கிறதா என்று செட்எஸ்பிஎன் கட்டளையை எக்ஸ் சுவிட்சோடு ஓட்டினால் தெரியும். ஐஐஎஸ்ஸின் கர்னல் மோட் அங்கீகாரம் இயங்கிக்கொண்டிருந்தால், ஆப் பூல் அக்கவுண்டின் அடையாளத்தைப் பயன்படுத்தும் அமைப்பையும் இயக்கவேண்டும். இல்லாவிட்டால் சர்வர் தன் சொந்தச் சாவியால் டிக்கெட்டைத் திறக்க முயன்று தோற்கும். மூன்றாவது கடிகாரம். 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் ஏற்காது.

எல்லோருக்கும் திறக்கிறது, நீண்ட நாள் ஊழியர் சிலருக்கு மட்டும் பிழை 400 வருகிறதா? அவர்கள் நிறைய குழுக்களில் இருப்பார்கள், டிக்கெட் பெருத்துவிட்டிருக்கும். விண்டோஸின் எச்டிடிபி அடுக்கு ஒரு ஹெடருக்கு இயல்பாக 16 கேபிதான் அனுமதிக்கும், ஜாவா வெப் சர்வரான டாம்கேட் எல்லா ஹெடருக்கும் சேர்த்து 8 கேபி. அந்த வரம்பை உயர்த்துங்கள். பழைய குழுக்களைச் சுத்தம் செய்தால் இன்னும் நல்லது.

படிவ விதிகள்

துறைக்கும் அலுவலக இடத்துக்கும் தட்டச்சுப் பெட்டி வைக்காதீர்கள், தேர்வுப் பட்டியல் கொடுங்கள். தட்டச்சு செய்ய விட்டால் ஒரே துறை ஐந்து எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கும், தேடல் பாழாகும். தொலைபேசி எண்ணைக் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, இடைவெளியில்லாத எண்கள் என்ற ஒரே வடிவில் கேளுங்கள். சர்வதேச எண் அதிகபட்சம் 15 இலக்கம்தான். ஆக்டிவ் டைரக்டரி அந்தப் புலத்தில் 64 எழுத்து வரை எதை வேண்டுமானாலும் ஏற்கும் என்பதால், வடிவத்தைப் படிவம்தான் காக்கவேண்டும்.

புகைப்படப் புலத்தின் உச்சவரம்பு 100 கேபி. ஆனால் எல்லோருடைய படமும் எல்லா டிசிக்கும் நகலாகும் என்பதை மறக்காதீர்கள். 96க்கு 96 பிக்சல், 10 கேபிக்குள் இருந்தால் அவுட்லுக்குக்குப் போதும். ஊழியர் 5 எம்பி படம் ஏற்றினால் மென்பொருளே சுருக்கவேண்டும். சுருக்கும்போது படத்தோடு வரும் ஜிபிஎஸ் தகவலையும் அகற்றவேண்டும். வீட்டில் எடுத்த படம் வீட்டின் இடத்தையே சொல்லிவிடும்.

சோதனை

நேரடி ஊழியர்கள் மேல் சோதிக்க வேண்டாம். தனி ஓயூ ஒன்றில் பத்துப் பன்னிரண்டு போலி அக்கவுண்ட்கள் போதும்: சாதாரண ஊழியர் இருவர், அவர்களுக்கு மேலாளர், மனிதவளம், ஹெல்ப்டெஸ்க், முடக்கப்பட்ட அக்கவுண்ட், பாஸ்வேர்டு காலாவதியானவர், மேலாளர் புலம் காலியாக உள்ளவர், முன்னாள் அட்மின், பெயரில் அடைப்புக்குறி உள்ளவர், பெயர் ஆங்கிலமல்லாத எழுத்தில் உள்ளவர்.

திருத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பது எளிய பாதி. ஏறக்கூடாதது ஏறாமல் நிற்கிறதா என்பதில் நேரத்தைச் செலவழியுங்கள்.

மென்பொருள் சர்வீஸ் அக்கவுண்ட் மூலம் எழுதுவதால், யார் எழுதச் சொன்னார்கள் என்பது டிசிக்குத் தெரியாது. ஆள் மாறாட்டத்தைத் தடுப்பது முழுக்க மென்பொருளின் பொறுப்பு. ஆகவே முதல் ஊழியராக லாகின் செய்து, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் சேமிக்கும் கோரிக்கையைப் பிடித்து, அதிலுள்ள பயனர் அடையாளத்தை இரண்டாவது ஊழியருடையதாக மாற்றி அனுப்புங்கள். மறுக்கவேண்டும். அடுத்து, படிவத்தில் இல்லாத பதவிப் புலத்தைக் கோரிக்கையில் கூட்டி அனுப்புங்கள். அதையும் மறுக்கவேண்டும். இரண்டில் ஒன்று ஏறினாலும் அந்தத் தயாரிப்பைத் திறக்கக் கூடாது. திரையில் பட்டனை மறைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது.

என்னைப் பற்றி என்ற புலம் இருந்தால் அதில் ஸ்கிரிப்ட் டேக் ஒன்றை எழுதிச் சேமித்து, வேறொருவராக அந்தப் பக்கத்தைப் பாருங்கள். எழுத்தாகத் தெரிந்தால் சரி, ஓடினால் தவறு. தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறி, அடைப்புக்குறி, பின்சாய்வுக்கோடு ஆகியவற்றைத் தட்டுங்கள். இவை எல்டாப் வடிகட்டியில் சிறப்புப் பொருள் உள்ளவை. மென்பொருள் இவற்றை மாற்றி எழுதாவிட்டால் பிழை வரும், அல்லது காட்டக்கூடாத அக்கவுண்ட்கள் வந்து விழும். புகைப்படத்துக்கு, டெக்ஸ்ட் ஃபைலின் பெயரை ஜேபெக் என்று மாற்றி ஏற்றிப் பாருங்கள்.

ஒரு புலத்தைக் காலியாக்கிச் சேமியுங்கள். எளிய சோதனை என்றாலும் பல மென்பொருள்கள் இங்கே இடறும். எல்டாப் வெற்று மதிப்பை ஏற்காது, புலத்தையே நீக்கச் சொல்லவேண்டும். இதைக் கவனிக்காத தயாரிப்பில் மொபைல் எண்ணை மாற்றலாம், எடுக்கவே முடியாது.

ஊழியர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டினால், முழுப் பட்டியலில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். சரியாக 1000இல் நின்றால், மென்பொருள் பக்கம் பக்கமாகக் கேட்கவில்லை என்று பொருள். ஆக்டிவ் டைரக்டரி ஒரு கேள்விக்கு இயல்பாக அதற்கு மேல் தராது.

மேலாளர் புலத்துக்குத் தனிச் சோதனை வேண்டும். இருவரை ஒருவருக்கொருவர் மேலாளராக்குங்கள். டைரக்டரி தடுக்காது. நிறுவன வரைபடம் வரையும் பக்கம் சுழன்றுகொண்டே இருந்து சர்வரின் சிபியுவைத் தின்றுவிடலாம். ஒப்புதல் முறையில், மேலாளர் இல்லாதவரின் கோரிக்கை எங்கே போகிறது, ஒப்புதல் தருபவரின் அக்கவுண்ட் முடங்கினால் என்ன ஆகிறது, காத்திருக்கும்போது அதே புலம் வேறு வழியில் மாறியிருந்தால் எது நிற்கிறது என்று பாருங்கள். யாரிடமும் போகாமல் தொங்கும் கோரிக்கைதான் ஊழியர்களின் நம்பிக்கையை முதலில் கெடுக்கும்.

லாகின் பிழைகளில் எல்டாப் 49 வந்தால், அதோடு வரும் துணை எண்ணைப் பாருங்கள். 525 அக்கவுண்டே இல்லை, 532 பாஸ்வேர்டு காலாவதி, 533 முடக்கப்பட்டது, 773 பாஸ்வேர்டை மாற்றியாகவேண்டும், 775 பூட்டப்பட்டது. மென்பொருள் இவற்றையெல்லாம் ஊழியருக்குக் காட்டக் கூடாது, லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) எழுதவேண்டும்.

லாகைப் பற்றி இன்னொன்று. டிசியில் டைரக்டரி சர்வீஸ் சேஞ்சஸ் தணிக்கையை இயக்கி, ஓயூவிலும் தணிக்கை விதி வைத்தால் நிகழ்வு 5136 பதிவாகும். பழைய மதிப்புக்கு ஒன்று, புதிய மதிப்புக்கு ஒன்று என்று இரண்டு பதிவாக அது வரும். ஆனால் மாற்றியவர் இடத்தில் சர்வீஸ் அக்கவுண்டின் பெயர்தான் நிற்கும். உண்மையில் யார் என்பது மென்பொருளின் லாகில் மட்டுமே கிடைக்கும். இரண்டையும் நேரத்தை வைத்துப் பொருத்திப் பாருங்கள், பொருந்தவேண்டும். அந்த லாக் சர்வரோடு அழிந்துவிடாமல் வேறிடத்துக்கும் நகலாகட்டும்.

மாற்றியும் மாறவில்லை என்ற புகார்

திறந்த முதல் நாளே வரும் புகார் இது, பெரும்பாலும் பிழை கிடையாது. ஒரு டிசியில் எழுதி இன்னொன்றில் படித்தால் பழையதுதான் தெரியும். ஒரே சைட்டுக்குள் (வேகமான நெட்வொர்க்கால் இணைந்த இடத்துக்குள்) நகலாக்கம் சில விநாடிகளில் முடியும், சைட்களுக்கு இடையே இயல்பான இடைவெளி 180 நிமிடம். எழுதிய டிசியிலிருந்தே திரும்பப் படிக்கும்படி மென்பொருளை அமையுங்கள். அவுட்லுக்கின் முகவரிப் புத்தகம் இன்னும் மெதுவானது: எக்ஸ்சேஞ்ச் 2013க்குப் பிந்தைய பதிப்புகளில் ஆஃப்லைன் புத்தகம் இயல்பாக 8 மணி நேரத்துக்கொருமுறைதான் உருவாகும், அவுட்லுக் அதை 24 மணி நேரத்துக்கொருமுறை இறக்கும். கிளவுடுக்கு மைக்ரோசாஃப்டின் ஒத்திசைவுக் கருவியான என்ட்ரா கனெக்ட் வழியே போனால் 30 நிமிடச் சுற்று. புதிய எண் எல்லா இடத்திலும் தெரிய இரண்டு நாள் ஆகலாம் என்று சேமிக்கும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஹெல்ப்டெஸ்க்குக்கு வரும் அழைப்புகளில் பாதி அதிலேயே நின்றுவிடும்.

திறக்கும் வரிசை

முதலில் ஐடி துறை வேண்டாம். அவர்களில் பலர் பாதுகாக்கப்பட்ட குழுக்களில் இருப்பதால் முடிவுகள் திரிந்து தெரியும். முப்பது நாற்பது பேர் உள்ள சாதாரணத் துறை ஒன்றுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். அந்த இரண்டு வாரமும் சர்வீஸ் அக்கவுண்டுக்கு அந்தத் துறையின் ஓயூவில் மட்டும் உரிமை இருக்கட்டும். பிறகு துறை துறையாக, உங்கள் விவரத்தைச் சரிபாருங்கள் என்ற மெயிலோடு திறங்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் மெயில் போட்டால் சர்வர் தாங்கினாலும் ஹெல்ப்டெஸ்க் தாங்காது. ஒவ்வொரு துறை முடிந்ததும் புதிய ஏற்றுமதி எடுத்து, முதலில் பத்திரப்படுத்திய ஃபைலோடு ஒப்பிடுங்கள். அட்டவணையில் இல்லாத புலம் எங்காவது மாறியிருந்தால் அடுத்த துறையைத் திறக்காமல் நிறுத்தி, மென்பொருளின் லாகில் அந்த அக்கவுண்டைத் தேடுங்கள். மென்பொருளின் ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் ஆள் மாறாட்டச் சோதனை இரண்டையும் மறுபடி ஓட்டுங்கள்.